பதிவேட்டில் ஏறாத படம்

சென்ற வாரம் நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். பெயர் நித்யா. பம்பாய் முலுண்டில் பிறந்து வளர்ந்தவள். பழைய எக்ஸ்-கதிர் அறையைக் காலி செய்கிறார்களாம். அங்கிருக்கும் ஃபிலிம்களைப் பிரித்து அடுக்கும் வேலை அவளுக்கு வந்திருக்கிறது.

"மேடம், ஒரு பழுப்புக் கவர் கிடைச்சுது. உள்ள ஒரு ஃபிலிம். மேல தமிழ்ல ஏதோ எழுதியிருக்கு. எனக்குத் தமிழ் சட்டுனு படிக்க வராது. எழுத்துக் கூட்டிச் சொல்றேன், கேளுங்க. எ... ன்... என். த... வ... று... தவறு. கீழ உங்க இனிஷியல் இருக்கு. கெட்டுப்போன படத்தையெல்லாம் வெளிய போடச் சொல்லிட்டாங்க. இதையும் போட்டுடட்டுமா?"

"போடாதே. ரெண்டு நாள் பொறும்மா" என்றேன்.

"என்ன தப்பு மேடம் பண்ணினீங்க?"

அதைத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரலாம் என்று உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் நடுவில் அந்த வேலையில் சேர்ந்தேன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். மாட்டுங்காவில் ஒன்றரை அறை வீட்டில் குடித்தனம். கணவர் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆய்வகம் செம்பூரில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வருஷம் ஃபிலிம் வெட்டினேன், கழுவினேன், அதில் விழுந்த புள்ளிகளின் கருமையை ஒரு மாதிரிப் பட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே மதிப்பிட்டு எழுதினேன்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் வைத்தீஸ்வரன். மின்சாரத்தைச் சில திசைகளில் மட்டும் எளிதாகக் கடத்தும் பொருள்களைப் பற்றியது அவர் ஆராய்ச்சி. செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் எந்தப் பக்கமும் ஓடும். கிராஃபைட்டில் ஏடு ஏடாக, ஒவ்வொரு ஏட்டுக்குள்ளும் நன்றாக ஓடும், ஒரு ஏட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ மட்டும் தயங்கும். நான் சேர்ந்த சமயம் அவர் பிளாட்டினம் கலந்த ஓர் உப்பை எடுத்திருந்தார். அதன் படிகங்கள் தலைமுடி கனத்தில் ஊசி ஊசியாக, செம்பு போலப் பளபளக்கும். உள்ளே பிளாட்டினம் அணுக்கள் தட்டு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஊசியின் நீளவாக்கில் மின்சாரம் ஓடும், குறுக்கே அநேகமாக ஓடாது.

இதை எனக்குப் புரியவைக்க அவர் கரும்பலகைக்குப் போகவில்லை.

"மிஸஸ் சாரதா, ஆத்துலேர்ந்து எப்படி வரேள்?"

"குர்லாவில் மாறி லோக்கல்ல வரேன் சார்."

"குர்லாவுக்கு முன்னாடி ஒரு வண்டி நின்னுடுத்துன்னா?"

"பின்னாடி வர வண்டியெல்லாம் நிக்கும்."

"பஸ்ஸா இருந்தா?"

"வேற தெரு வழியாச் சுத்திப் போயிடும்."

"அவ்வளவுதான். இந்த உப்புல எலக்ட்ரானுக்கு பஸ் கிடையாது."

அவரிடம் நான் பார்த்த பழக்கங்களைச் சொல்ல வேண்டும். சட்டைப் பொத்தானில் நூல் கட்டி ஒரு சிறிய லென்ஸைத் தொங்கவிட்டிருப்பார். ஃபிலிமை உட்கார்ந்து பார்க்கமாட்டார். ஜன்னலருகே நின்று, ஓரங்களை மட்டும் பிடித்து, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி தெரியும் பக்கமாக உயர்த்திப் பார்ப்பார். இருட்டறைக் கதவு திறந்தே கிடந்தாலும் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் வருவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது "அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன் சார்" என்றால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பேசியவருக்கு வியர்க்கும். எதைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எழுதினேளா?"

அவர் கேட்டது பதிவேட்டை. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும், கழுவி முடித்ததும், அதில் ஒரு வரி. எண், நாள், எந்தப் படிகம், எத்தனை மணி நேரம், கழுவிய நேரம், கடைசியாகக் ‘குறை’ என்று ஒரு கட்டம். கெட்ட படத்துக்கும் எண் உண்டு. வீசக் கூடாது, ஒளிக்கவும் கூடாது. அந்தக் கடைசிக் கட்டத்தில் நான்தான் அதிகம் எழுதினேன். எல்லாரும் படிக்கும் பதிவேடு என்பதால் ஆங்கிலத்தில், "என் தவறு" என்று.

படமெடுப்பது இப்படி. அந்தப் படிகங்களுக்குள் தண்ணீர் உண்டு. காற்றில் ஈரம் குறைந்தால் பளபளப்புப் போய் வெடித்துவிடும். பம்பாய்க் காற்று அவற்றுக்கு ஒத்துக்கொண்டது என்றாலும் நம்பிவிட முடியாது. காகிதத்தைவிட மெல்லிய சுவருள்ள கண்ணாடிக் குழாயில், மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே ஒரு ஊசியை இறக்கி, ஈரம் ஒரு துளி விட்டு, இரண்டு முனையும் மெழுகால் அடைக்க வேண்டும். மூச்சு பட்டால் ஊசி பறந்துவிடும். குழாயைக் கேமராவின் நடுத்தண்டில் நிறுத்தி, சுற்றிவர உருளைக் கூட்டுக்குள் ஃபிலிமை வைத்து, கறுப்புக் காகிதத்தை மடித்து ஒட்டி, எக்ஸ்-கதிரைத் திறந்துவிட வேண்டும். எக்ஸ்-கதிர்க் குழலைத் தண்ணீர்தான் குளிர்விக்கும். முனிசிபல் குழாயில் வேகம் குறைந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். பிறகு இருட்டறை. பம்பாய் வெயிலில் படம் கழுவும் டெவலப்பர் மருந்து சூடாகிவிடும் என்பதால் கேண்டீனிலிருந்து ஐஸ் வாங்கி வந்து தட்டைச் சுற்றிப் போட்டு, ஐந்து நிமிஷம் எண்ணுவேன்.

மார்பில் பேட்ஜ் மாதிரி ஒரு ஃபிலிம் பட்டை குத்தியிருப்போம். கதிர் பட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை அதைச் சோதிப்பார்கள். அப்போது என் மகள் மீனாவுக்குப் பத்து மாதம். பால் குடிக்கும் குழந்தை. பட்டை ஒவ்வொரு மாதமும் ஒன்றுமில்லை என்றுதான் திரும்பி வந்தது. நான் நம்பவில்லை. பட்டை இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் பட்டிருந்தால் என்ன செய்வது என்று யோசிப்பேன். வீட்டுக்கு வந்ததும் இருட்டறை மருந்தான ஹைப்போவின் வாசனை போகக் கையைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவேன்.

பகலில் மீனாவைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து அறை ரோஸ்லின் அக்கா. நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி ஆயா, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். காலையில் வந்து கொஞ்சம் தூங்கி எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்வாள்.

மழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் நடந்தது அது. காலையில் கிளம்பும்போது மீனாவின் நெற்றி சுட்டது. ரோஸ்லின் அக்கா, "பல்லு மொளைக்குட்டி, நீ போ" என்றாள். போனேன். அன்று புது ஊசி ஒன்றுக்கு நாற்பது மணி நேரப் படம் வைக்க வேண்டும். இருட்டில் கறுப்புக் காகிதத்தை மடிக்கும்போது கை வேலையில் இருந்தது, மனசு மாட்டுங்காவில் இருந்தது. ஓரத்தைச் சரியாகச் செருகினேனா என்று வெளியே வந்தபிறகு சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை படத்தைக் கழுவினேன். புள்ளிகள் வழக்கம்போல வரிசை வரிசையாக வந்திருந்தன. ஆனால் வரிசைகளுக்கு இடையே, நடுவில்கூட இல்லாமல் கொஞ்சம் தள்ளி, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இழுத்ததுபோல மங்கலாகக் கோடுகள்.

வெளிச்சம் புகுந்துவிட்டது என்று அந்த நொடியே முடிவு செய்தேன். வெளிச்சம் இவ்வளவு நேராகவா புகும் என்று ஒரு கேள்வி வராமலில்லை. காகிதத்தின் மடிப்பு நேராகத்தானே இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்த மாதத்தில் அதற்குள் மூன்று படம் கெடுத்திருந்தேன். "மூணாவது" என்று டாக்டர் சொன்னது ஒரு வார்த்தைதான். வேலைக்கு எடுக்கும்போதே நிர்வாகத்தில் ஒருவர், "கைக்குழந்தை வந்தா சமாளிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். நான்காவதை எழுதக் கை வரவில்லை.

படத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டேன். தமிழ் தெரியாத மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்கட்டும் என்று தமிழில் "என் தவறு" என்று எழுதி இழுப்பறையில் அடியில் வைத்தேன். அதே ஊசிக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் வேறு படம் எடுத்தேன். புள்ளிகள் மட்டும் வந்தன. கோடு இல்லை. மங்கலானது பதிய அந்த நேரம் போதாது என்பதை அப்போது யோசிக்கவில்லை. அதற்கு எண் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன்.

"ஏன் பன்னெண்டு மணி?"

"புள்ளிக்கு அது போறும் சார்."

தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து தங்கராசு மாட்டிக்கொண்டான். எங்கள் பிரிவில் மின்தடையை அளப்பவன் அவன். தாராவிக்காரன். அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை. எம்.எஸ்ஸி. முடித்துத் தற்காலிகப் பணியில் இருந்தான். தற்காலிகம் என்பது வீட்டில் தெரியாது. ஆண்டறிக்கையில் அவன் அளவுகள் ஏறினால்தான் பணி நீளும்.

அவன் வேலையும் பார்க்கப் பார்க்கக் கண் வலிக்கும். ஊசிமேல் நான்கு இடத்தில் வெள்ளிப் பெயிண்டைப் பொட்டு வைத்து, மெல்லிய தங்கக் கம்பிகளை ஒட்டி, காற்றில்லாத கூட்டில் அடைத்துக் குளிரவைத்துக்கொண்டே அளப்பான். உலோகம் குளிர்ந்தால் மின்சாரம் இன்னும் லேசாக ஓட வேண்டும். இந்த உப்பில் குளிரக் குளிர ஓட்டம் அடைபட்டது.

"கூட்டுல காத்தை எடுக்கறச்சே படிகத்துலேர்ந்து தண்ணி போயிடறது. ஊசி வெடிக்கறது. உங்க வெள்ளிப் பொட்டு தூக்கிண்டுடறது" என்றார் டாக்டர். "அறிக்கையில இணைப்புக் கோளாறுன்னு போட்டுடலாம். வர வெள்ளிக்கு அடுத்த வெள்ளி அனுப்பணும்."

தங்கராசு "சரி சார்" என்று மட்டும் சொன்னான். கேண்டீனில் என்னிடம் வந்து வெடித்தான்.

"ஏழு ஊசி அளந்துட்டேன் அக்கா. வெடிக்குறதுன்னா ஒண்ணு இங்க வெடிக்கும், ஒண்ணு அங்க வெடிக்கும். ஏழும் பேசி வெச்ச மாதிரி ஒரே வளைவுலயா வெடிக்கும்? என் பெயிண்ட் மேலயே பழியப் போடுதாரு. அந்த வரிய என் கையாலயே எழுதணுமாம்."

"உன் மேல தப்பில்லேன்னு எப்படிக் காட்டறது?"

"ஊசிக்குள்ளயே ஏதோ இருக்குன்னு தெரியணும். அது உங்க படத்துலதான் தெரியும். நீங்கதான் சுத்தமாக் குடுத்துட்டீயளே, புள்ளி புள்ளியா."

டம்ளரைக் கீழே வைத்தேன். என் இழுப்பறையில் கிடப்பது வெறும் வெளிச்சம் பட்ட படமாக இருந்தால் அதைக் காட்டி இவனுக்கு ஒரு லாபமும் இல்லை, எனக்கு வேலை போகும். வெளிச்சமில்லையென்றால், நான் ஒளித்ததால் இவன் போகிறான். ரகசியமாக இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால், முடித்துக் கொடுத்த ஊசிக்கு மறுபடி எதற்கு நாற்பது மணி என்று டாக்டர் கேட்பார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மீனாவின் இடுப்பில் சிவந்த தடிப்பு.

"நேத்து நான் கையைச் சரியாக் கழுவலை. மருந்து ஏதோ ஒட்டிண்டு வந்திருக்கு" என்று அழ ஆரம்பித்தேன்.

ரோஸ்லின் அக்கா குழந்தையைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். "ஏட்டி, உனக்கு வேற ஜோலியே கெடையாதா? பிள்ளை தும்முனாலும் உன் மேல கேஸு. ஜட்ஜும் நீயே, கைதியும் நீயே. சாட்சிய ஒரு வார்த்த கேட்டியா?"

"எந்தச் சாட்சி?"

"இந்தா கெடக்கே." மீனாவைத் திருப்பிக் காட்டினாள். "தடிப்பு எப்படிப் போவுது பாரு, சுத்திக் கோடு மாதிரி. உன் கை என்ன கோடு கோடாவா படும்? புது அரைஞாண் கயிறுட்டி. அத ரெண்டு விரல் மேல தள்ளிக் கட்டுதேன். நாளைக்குத் தடிப்பும் மேல ஏறுச்சுன்னா கயிறு. ஏறலேன்னா உன் கை. அப்ப வந்து அழு."

மறுநாள் காலை தடிப்பு இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு ரயிலைப் பிடித்தேன். கோடு எதைத் தொடர்ந்து போகிறதோ அதுதான் காரணம். குர்லா வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. சொல்லத்தான் தைரியம் வேண்டியிருந்தது.

டாக்டர் மேஜைமேல் உறையை வைத்தேன். அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்தார். நாள் கேட்டார். சொன்னேன். பதிவேட்டைத் திறந்து அந்த நாளைத் தேடினார். அங்கே வரி இல்லை என்பது எனக்குத் தெரியும், அவர் விரல் மட்டும் மேலும் கீழும் போய்வந்தது.

பிறகு ஜன்னலுக்குப் போய்ப் படத்தை உயர்த்தினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். நான் நிற்பதையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இது வெளிச்சமான்னு எனக்குத் தெரியலை" என்றார். "உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதியிருக்கேள்."

"என் மேல தப்புன்னு நினைச்சு..."

கண்ணாடியைக் கழற்றினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

"தப்பு உங்க பேர்ல இருந்தா மட்டும் ருசு வேண்டாமா?"

அப்போது, "பெரிய கேமராவில் அதே ஊசியை வெச்சுப் பார்க்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டேன். எங்களிடம் இருமடங்கு அகலமுள்ள இன்னொரு கேமரா இருந்தது. ஃபிலிம் ஊசியிலிருந்து இருமடங்கு தள்ளி நிற்கும். புள்ளி வரிசைகள் அதே கணக்கில் விலகும். கோடுகள் படிகத்திலிருந்து வந்தவை என்றால் அவையும் சரியாக இருமடங்கு விலக வேண்டும். வெளிச்சத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

"தூரம் கூடினா மங்கிப்போயிடும். ஆறு நாள் வேணும்" என்றார். அறிக்கைக்கு எட்டு நாள் இருந்தது. "வைங்கோ. எழுதிட்டு வைங்கோ."

தங்கராசுவிடம் நானே சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு வாரமா இழுப்பறைக்குள்ள வெச்சுக்கிட்டா எங்கூட டீ குடிச்சீய?" என்றான். அதோடு எழுந்து போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

ஆனால் படம் வைத்த அன்று மாலையிலிருந்து தண்ணீர்ப் பம்ப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கோடைக் கடைசி. நாளுக்கு இரண்டு முறை குழாயில் வேகம் போய் இயந்திரம் நிற்கும். பம்ப்காரரிடம், "பாயி, பானி சோடோ, தண்ணி விடுங்க, என் வேலையே ஓடிரும்" என்று பாதி இந்தியும் பாதித் தமிழுமாகக் கெஞ்சுவான். நின்ற மணிகளை ஒரு தாளில் குறித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போவான். ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். மீனாவைக் கணவர் பார்த்துக்கொண்டார். பால் கட்டி மார்பு வலித்தது. வலி, பட்டை, குழந்தை, கறுப்புக் காகிதம் என்று மனசு சுற்றிச் சுற்றி வந்தது. காகிதத்தை இந்த முறை மூன்று தடவை தடவிப் பார்த்திருந்தேன்.

ஏழாம் நாள் காலை ஐஸ் போட்டு ஐந்து நிமிஷம் எண்ணினேன். சிவப்பு விளக்கில் முதலில் புள்ளிகள் வந்தன. எண்ணிக்கை நாலரையைத் தாண்டும்வரை வேறெதுவும் இல்லை. பிறகு, பழைய படத்தைவிட மங்கலாக, கோடுகள்.

மூன்று தட்டு. டாக்டர் வந்தார். ஈரப் படத்தை அவரே ஸ்கேலில் அளந்தார். புள்ளி வரிசைகள் இருமடங்கு. கோடுகளும் இருமடங்கு.

"தங்கராசுவைக் கூப்பிடுங்கோ."

அவன் வாசலில்தான் நின்றான்.

"உங்க பெயிண்ட்டைக் குறை சொன்னேன். அந்த வரியை எடுத்துடுங்கோ" என்றார் டாக்டர். பிறகு எங்கள் இருவருக்கும் சொன்னார்: "ஒரே வரிசையில நிக்கற உலோகம் உலோகமா நீடிக்க முடியாதுன்னு வெளிநாட்டுல சிலபேர் காகிதத்துல கணக்குப் போட்டுக் காட்டியிருக்கா. அணுக்கள் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து ஒரு புது ஒழுங்குக்குப் போயிடும், எலக்ட்ரானுக்கு வழி அடைஞ்சுடும்னு. அது காகிதத்தோட சரின்னு நினைச்சிண்டிருந்தேன். இது அதுதானான்னு தெரியாது. ஆனா இது வெளிச்சம் இல்லை."

அவர் வெளியே போனதும் தங்கராசு படத்தைக் குனிந்து பார்த்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினான். "அக்கா, இனிமே கெட்டுப்போன படமெல்லாம் எங்கிட்ட குடுத்துருங்க. நல்லதை நீங்க வெச்சுக்கிடுங்க."

அறிக்கையில் எங்கள் வேலை இரண்டு வாக்கியமாக ஏறியது. காரணம் ஆராயப்பட வேண்டும் என்று முடிந்தது. தங்கராசுவுக்கு ஒரு வருஷம் நீட்டித்தார்கள், பிறகு நிரந்தரமாயிற்று. அப்படிப்பட்ட கோடுகளுக்கு முழு விளக்கம் பல வருஷம் கழித்து வேறு தேசங்களிலிருந்து வந்தது. அதைப் படித்தபோது எனக்கு வருத்தமில்லை என்று எழுத ஆசை. அந்த இரண்டு வாரத்தைப் பற்றி யோசித்தேன் என்று எழுதுவதுதான் சரி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம் டாக்டர் பதிவேட்டில் நான் "என் தவறு" என்று எழுதிய படங்களையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாக ஜன்னலருகே நின்று இருவரும் பார்த்தோம். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். ஒன்பது என் தவறேதான். விரல் ரேகைகூட இருந்தது. ஒன்று தண்ணீர் நின்றதால் வந்தது. மிச்சம் ஒன்றுக்கு, "காரணம் தெரியாது" என்று எழுதச் சொன்னார். அந்த இரண்டு சொற்களை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது அவருக்குத் தெரியும். காத்திருந்தார்.

உறையையும் படத்தையும் அன்றே அவர் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

இதுவரை எழுதிவிட்டு இன்று காலை நித்யாவைக் கூப்பிட்டேன். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்ப படத்துல தப்பே இல்லையா மேடம்? நான் கவரை மாத்திடறேன்."

"வேண்டாம். மறைச்சது தப்புத்தானே? அது இருக்கட்டும்."

"ஒரு நிமிஷம் மேடம். பின்னாடியும் ஏதோ எழுதியிருக்கு. இது வேற கையெழுத்து. மேல ஒரு நம்பர். அப்பறம் தமிழ். ப... தி... யா... பதியாதது. ம... ட்... டு... ம்." சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். "‘பதியாதது மட்டும்.’ அப்படின்னா என்ன மேடம்?"

அந்த உறையை நான் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. டாக்டர் படத்துக்கு எண் போட்டு, என் தவறு எது என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

"மேடம்? இருக்கீங்களா? இதை நல்ல படத்துல வைக்கட்டுமா, கெட்டதுல வைக்கட்டுமா?"

"அப்படிப் பிரிக்காதேம்மா" என்றேன். "நம்பர் வரிசையில வை."